முதல் கன்ட்ரோலரைக் கையில் எடுப்பவருக்கு

முப்பது வருடத்துக்கும் மேலாக வீடியோ கேம் விளையாடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இத்தனை வருடத்தில் மாறவே இல்லை: "எந்த மெஷின் வாங்கலாம்?" கேட்டு, வாங்கி, உலகமே கொண்டாடுகிற ஒரு பெரிய கேமைப் போட்டு, அரை மணி நேரத்தில் "இதெல்லாம் எனக்கு வராது" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்களுக்கு வந்திருக்கும். தொடங்கிய இடம்தான் சரியில்லை.

என் அக்கா நாற்பத்திரண்டு வயதில் முதன்முறையாகக் கன்ட்ரோலரைப் பிடித்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான், சின்ன வயதிலிருந்தே விளையாடியதால் எனக்கே தெரியாமல் கைக்குப் பழகிவிட்ட விஷயங்கள் எத்தனை என்று புரிந்தது. கீழே இருப்பதில் பாதி அந்த நாட்களில் கற்றது. வரிசை முக்கியம். மெஷின் மூன்றாவதாகத்தான் வரும்.

1. முதலில் கேமைத் தேடுங்கள்

ட்ரெய்லரை நம்பாதீர்கள். ட்ரெய்லரில் வருவது பெரும்பாலும் வெட்டி ஒட்டிய காட்சிகள். நீங்கள் செய்யப்போகும் வேலை அதில் தெரியாது. யாராவது வெட்டாமல் விளையாடும் வீடியோவை எடுத்து, நடுவிலிருந்து பதினைந்து நிமிடம் பாருங்கள். பார்க்கும்போது கை துறுதுறுக்கிறதா, "அந்தப் பக்கம் போயேன்" என்று வாய் முணுமுணுக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி நடந்தால் அந்த வகை உங்களுக்கு ஒத்துவரும். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், பார்க்கவே கொட்டாவி வந்தால் விட்டுவிடுங்கள்.

புதிர், கதை, தோட்டம் போடுவது, கார் ஓட்டுவது, கால்பந்து, சண்டை, ஊர் கட்டுவது, படை நடத்துவது என்று வகைகள் ஏராளம். இப்படி மூன்று நான்கு கேம்களைக் குறித்துவைத்தாலே மெஷின் பற்றிய கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். மாரியோ, செல்டா தொடர்களின் முக்கிய கேம்கள் வேண்டுமென்றால் நிண்டெண்டோ மெஷின்தான் வழி. ஊர் கட்டும் கேமும் படை நடத்தும் கேமும் மவுஸில்தான் சுகம், அதற்குக் கம்ப்யூட்டர். நண்பர்களோடு ஆன்லைனில் சேர்ந்து விளையாடத்தான் வருகிறீர்கள் என்றால், அவர்கள் எந்த மெஷினில் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அதையே எடுங்கள். எல்லா கேமும் வேறு வேறு மெஷின்காரர்களைச் சேர்ந்து விளையாட விடுவதில்லை.

2. வீட்டில் ஏற்கெனவே இருப்பதில் தொடங்குங்கள்

கேமின் படத்தை வரைவதற்கென்றே இருக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப் ஒன்று இருக்கிறதா? போதும். எரிக் பரோன் என்ற ஒருவர் நான்கு வருடத்துக்கு மேல் தனியாளாக உட்கார்ந்து உருவாக்கி 2016ல் வெளியிட்ட ஸ்டார்ட்யூ வேலி அதில் ஓடும். 2018ல் வந்த செலஸ்ட் ஓடும். 2007ல் வந்த போர்ட்டல் ஓடும். இவை 'இல்லாதவர்களுக்கான' கேம்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். என் வாழ்க்கையின் சிறந்த பத்து கேம்கள் என்று எழுதினால் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு அதில் இருக்கும்.

முதல் செலவு ஒரு நல்ல கன்ட்ரோலராக இருக்கட்டும். இப்போதைய எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்கள் இரண்டும் ப்ளூடூத்தில் லேப்டாப்போடும் போனோடும் சேரும். பிறகு அதே நிறுவனத்தின் கன்சோல், அதாவது டிவியில் சொருகி விளையாடும் மெஷின், வாங்கினாலும் அதுவே உதவும்.

கம்ப்யூட்டரில் ஸ்டீம் கடையில் வாங்கினால் ஒரு வசதி உண்டு. வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். புதியவருக்கு இது பெரிய பாதுகாப்பு. பிடிக்கவில்லை என்றால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள்.

3. இப்போது மெஷின்

கன்சோலா கம்ப்யூட்டரா என்ற சண்டை நான் பிறந்ததிலிருந்து நடக்கிறது. என் கருத்து நேரானது. வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்து ஒரு பட்டனை அழுத்தி விளையாட வேண்டும் என்றால் கன்சோல். நோண்டிப் பார்ப்பதிலும் ஆர்வம் உண்டு, அதே மெஷினில் வேறு வேலையும் இருக்கிறது என்றால் கம்ப்யூட்டர். டிவி எப்போதும் வேறொருவர் கையில் இருக்கும் வீடு என்றால் கையடக்க மெஷின். இதில் மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2017ல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச், 2025ல் அதன் அடுத்ததாக வந்த ஸ்விட்ச் 2, வால்வ் நிறுவனம் 2022ல் வெளியிட்ட ஸ்டீம் டெக் மூன்றுமே நடுவில் தூங்கவைத்து, மறுபடி எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். குழந்தை வைத்திருப்பவர்களுக்கும், இருபது நிமிடம் மட்டுமே கிடைப்பவர்களுக்கும் இதைவிடப் பெரிய வசதி இல்லை.

கன்சோல் வாங்குவோர் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, டிஸ்க் டிரைவ். டிஸ்க் போட முடியாத மாடல் கொஞ்சம் மலிவாக இருக்கும். ஆனால் அதில் கேமை இரவல் வாங்க முடியாது, பழையது வாங்க முடியாது, முடித்ததும் விற்க முடியாது. வருடத்துக்கு நான்கைந்து கேம் வாங்குகிறவர் என்றால் டிஸ்க் மாடல் தன் விலை வித்தியாசத்தைத் தானே மீட்டுத் தரும்.

இரண்டாவது, ஸ்டோரேஜ். பெரிய கேம்கள் இப்போது சர்வசாதாரணமாக 100 ஜிபியைத் தாண்டுகின்றன. 2020ல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸின் முதல் மாடலில் இருப்பது 512 ஜிபி, அதிலும் ஒரு பகுதியை மெஷினே எடுத்துக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 5ல் கடையில் கிடைக்கும் எம்.2 எஸ்எஸ்டியை, அதாவது சின்னப் பட்டையாக இருக்கும் வேகமான ஸ்டோரேஜை, வேகமும் அளவும் பொருந்தினால் நாமே மாட்டலாம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் மெஷின்களுக்கு அவற்றுக்கென்றே செய்த கார்டு வேண்டும். ஸ்விட்ச் 2க்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேலை செய்யும். பழைய ஸ்விட்சில் இருந்த சாதாரண கார்டைக் கழற்றிப் போட்டால் அதில் கேமை வைக்க முடியாது. வாங்குவதற்கு முன்பே இந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் என்றால் பணத்தில் பெரிய பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். மெமரி 16 ஜிபி, ஒரே குச்சியாக இல்லாமல் 8 ஜிபி இரண்டாக. இரண்டு குச்சி இருந்தால் பிராசசர் ஒரே நேரத்தில் இரண்டு வழியாகத் தகவலை எடுக்கும். எஸ்எஸ்டி கட்டாயம். பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒருமுறை நான் பெட்டியோடு சேர்த்து மலிவாகக் கிடைத்ததை மாட்டினேன். ஒரு வருடத்துக்குள் அது போனபோது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோனது.

கேமிங் லேப்டாப் வாங்குவோர் கார்டின் பெயரை மட்டும் பார்க்கக் கூடாது. ஒரே பெயருள்ள கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு லேப்டாப்பில் குறைந்த வாட்டும் இன்னொன்றில் அதிக வாட்டும் கொடுத்திருப்பார்கள். வேகம் கணிசமாக மாறும். வாட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். விளையாடும்போது சார்ஜரைச் சொருகியே வைத்திருங்கள், பேட்டரியில் வேகம் இறங்கிவிடும்.

4. திரையைச் சரிசெய்யுங்கள்

இது பத்து நிமிட வேலை. செலவு எதுவும் கிடையாது. ஆனாலும் மெஷினை மாற்றியது போன்ற வித்தியாசம் தரும்.

இன்றைய டிவிகள் வரும் படத்தை அழகாக்குவதற்காக அதைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து வேலை செய்கின்றன. சினிமா பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் ஒலியும் சேர்ந்து தாமதமாகிவிடும். கேமில் அப்படியில்லை. பட்டனை அழுத்துகிறோம், ஆள் குதிப்பது பின்னால் வருகிறது. நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். டிவி 100 மில்லிசெகண்ட் பிடித்துவைத்தால் ஆறு பிரேம் பழைய படத்தைப் பார்த்து நாம் விளையாடிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். புதியவருக்கு இது டிவியின் தாமதம் என்று தெரியாது. "எனக்குக் கை வேகம் பத்தவில்லை" என்று நினைத்துக்கொள்வார். அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன். டிவி செட்டிங்ஸில் 'கேம் மோட்' என்று இருக்கும். அதைப் போடுங்கள். நல்ல டிவியில் தாமதம் 20 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். படத்தை வழுவழுப்பாக்குகிற எல்லா வசதிகளையும் அணைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் இரண்டு பொதுவான தவறுகள். மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகிவிடுவது. அப்படிச் செய்தால் அவ்வளவு விலை கொடுத்த கார்டு பெரும்பாலும் சும்மா கிடக்கும். அப்புறம், நொடிக்கு 144 முறை படத்தை மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸில் அது 60லேயே இருப்பதைக் கவனிக்காமல் விடுவது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் ஒரு தடவை பாருங்கள்.

பல கன்சோல் கேம்கள் தொடக்கத்திலேயே 'தரம்' வேண்டுமா 'வேகம்' வேண்டுமா என்று கேட்கும். வேகத்தை எடுங்கள். 30 பிரேமில் ஒரு படம் 33 மில்லிசெகண்ட் நிற்கும், 60ல் அது பாதியாகிறது. கை சொன்னதைத் திரை கேட்கிறது என்ற உணர்வு அங்கேதான் வருகிறது. 60லிருந்து 120க்குப் போனால் மிச்சமாவது 8 மில்லிசெகண்ட்தான், 120லிருந்து 240க்கு வெறும் 4. முதல் தாவல் எல்லோருக்கும் தெரியும், கடைசித் தாவல் போட்டிக்கு ஆடுபவர்களுக்கு.

4கே பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1080பி திரையில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 4கேயில் சுமார் 83 லட்சம். நான்கு மடங்கு வேலையை அதே கார்டு செய்ய வேண்டும். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து விளையாடும் மானிட்டருக்கு நடுவில் இருக்கும் 1440பி போதும் என்பது என் தீர்மானமான கருத்து.

5. வலது கட்டைவிரல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அக்காவிடம் முதல் நாள் நான் கொடுத்தது ஒரு பெரிய முப்பரிமாண சாகச கேம். ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தான், கேமரா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "டேய், ஆளை நான் ஓட்டுகிறேன். கண்ணை யார் ஓட்டுவது?" என்று கேட்டாள். முப்பது வருடத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் அந்தப் பிரச்சினையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் இரண்டு சின்னக் குமிழ்கள் இருக்கும், அவைதான் ஸ்டிக். இடது ஸ்டிக் ஆளை நகர்த்துகிறது. வலது ஸ்டிக் கண்ணை, அதாவது கேமராவை, நகர்த்துகிறது. நிஜத்தில் நாம் நடக்கும்போது தலை தானாகத் திரும்புகிறது, அதை யாரும் கட்டைவிரலால் திருப்பிப் பழகியதில்லை. புதியவர்கள் தோற்கும் இடம் இதுதான்: எதிரியிடமும் இல்லை, புதிரிடமும் இல்லை. பழகியவர்களுக்கே ஒரு காலத்தில் இது புதிராக இருந்தது. சோனி இரண்டு அனலாக் ஸ்டிக் வைத்த கன்ட்ரோலரை 1997ல் கொண்டுவந்தது. 2000ல் பிளேஸ்டேஷனில் வந்த ஒரு திகில் கேம், இடது ஸ்டிக்கில் நடை, வலது ஸ்டிக்கில் பார்வை என்று இன்று எல்லோரும் செய்வதையே செய்தது. அந்தக் கேமில் மிகவும் பயமுறுத்துவது இந்தக் கட்டுப்பாடுதான் என்கிற அளவுக்கு அப்போது ஒரு விமர்சனம் வந்தது. தொழிலாக விளையாடி எழுதுகிறவர்களுக்கே அப்படி இருந்தது என்றால், முதல் நாள் உங்களுக்குத் தடுமாறுவதில் ஆச்சரியம் என்ன?

பயிற்சி சொல்கிறேன். எதிரியோ நேர வரம்போ இல்லாத ஒரு முப்பரிமாண இடத்தில் நில்லுங்கள். மைன்கிராஃப்டின் கிரியேட்டிவ் மோட் இதற்கு அருமை. ஒரு மரத்தை எதிரே வையுங்கள். இப்போது மரம் திரையின் நடுவிலிருந்து விலகாதபடி அதைச் சுற்றி வாருங்கள். இடது கட்டைவிரல் ஒரு பக்கம் தள்ளும்போது வலது கட்டைவிரல் மறுபக்கம் மெதுவாகத் திருப்ப வேண்டும். முதல் சுற்றில் மரம் காணாமல் போகும். பரவாயில்லை, தேடிப் பிடித்துத் தொடருங்கள். இடப்பக்கமாக ஐந்து சுற்று, வலப்பக்கமாக ஐந்து சுற்று. ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அக்காவுக்கு நான்காம் நாள் கை பழகியது. தூங்கி எழுந்தால் கை முன்னைவிட நன்றாக வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

கேமரா வேகத்தை, சென்சிட்டிவிட்டி என்று இருக்கும், பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள். மேலே தள்ளினால் கீழே பார்ப்பதுதான் உங்களுக்கு இயல்பாகத் தோன்றுகிறது என்றால் 'இன்வர்ட்' என்று ஒரு வசதி பெரும்பாலான கேம்களில் உண்டு. ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி முயன்று பார்த்து ஒன்றில் நிலைத்துவிடுங்கள். அடிக்கடி மாற்றினால் கை குழம்பும்.

பட்டன் பெயர்களும் குழப்பும், அது உங்கள் தவறில்லை. எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே இருக்கிறது, நிண்டெண்டோவில் ஏ வலப்பக்கம். எக்ஸ் என்பது எக்ஸ்பாக்ஸில் இடது, நிண்டெண்டோவில் மேலே. பிளேஸ்டேஷனில் எக்ஸ் போலவே இருக்கும் பெருக்கல் குறி கீழே. ஆகவே பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள். கீழ், மேல், இடம், வலம் என்று இடத்தை நினைவு வையுங்கள்.

கன்ட்ரோலரைத் தொடாதபோதும் ஆள் தானாக நகர்ந்தால் அதற்கு டிரிஃப்ட் என்று பெயர். சாதாரண ஸ்டிக்குக்குள் தொடர்ந்து உரசுகிற ஒரு பாகம் இருக்கிறது, அது தேய்ந்தால் இப்படி ஆகும். செட்டிங்ஸில் 'டெட்சோன்', அதாவது ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத எல்லை, இருக்கும். அதன் அளவைக் கொஞ்சம் கூட்டினால் சில மாதம் ஓட்டலாம். அடுத்த கன்ட்ரோலர் வாங்கும்போது ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதா என்று பாருங்கள். அது காந்தத்தை வைத்து அளப்பதால் உரசல் இல்லை. இது நேற்று வந்த கண்டுபிடிப்பு இல்லை. சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோல் 1998லேயே இதைத்தான் வைத்திருந்தது. நடுவில் ஏன் எல்லோரும் கைவிட்டார்கள் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

மவுஸ், கீபோர்டில் விளையாடுவோருக்கும் இதே மரப் பயிற்சிதான். இடது கை டபிள்யூ, ஏ, எஸ், டி மேல். விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஒரே தூரம் கை நகர்த்தினாலும் வேகத்தைப் பொறுத்துப் பார்வை வேறு வேறு தூரம் போகும்.

6. விளையாடும் முன் செட்டிங்ஸ்

சப்டைட்டிலைப் போட்டு எழுத்தைப் பெரிதாக்குங்கள். நகரும்போது படத்தை மங்கலாக்கும் மோஷன் பிளர், கேமரா ஆட்டம், தலை ஆட்டம் மூன்றையும் அணையுங்கள். பார்வை அகலத்தை மாற்ற முடிந்தால் 90 டிகிரி பக்கம் வையுங்கள். இவை எல்லாம் தலைச்சுற்றல் வராமல் இருக்க உதவும். திரையில் கண் நகர்வதைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ நாம் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. வந்தால் உடனே நிறுத்துங்கள். "கொஞ்சம் தாங்கிக்கொண்டால் சரியாகும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், மூளை அந்தக் கேமையே குமட்டலோடு சேர்த்துவைத்துவிடும். திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, அறையில் விளக்கு போட்டு, அடுத்த நாள் பத்து நிமிடம் முயலுங்கள்.

கடினத்தை எளிதில் வையுங்கள். இதில் யாருக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. கடினமான கேம் என்று பெயரெடுத்த செலஸ்டிலேயே, விளையாட்டின் வேகத்தைக் குறைக்கவும் சாகாமல் போகவும் வழி வைத்திருக்கிறார்கள். 2020ல் முழுதாக வெளிவந்த ஹேடிஸில் 'காட் மோட்' போட்டால் உங்கள் மீது விழும் அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் குறைந்துகொண்டே வரும். அவரவர் கைக்கு ஏற்ற இடத்தில் அது வந்து நிற்கும். என்ன அழகான யோசனை! உருவாக்கியவர்களே திறந்துவைத்த கதவு அது.

7. எந்த வரிசையில் விளையாடுவது

முதலில் கேமரா இல்லாத, பக்கவாட்டில் அல்லது மேலிருந்து பார்க்கும் ஏதாவது ஒன்று. 1985ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் கட்டத்தை இன்றும் விளையாடிப் பாருங்கள். ஒரு எழுத்துகூட இல்லாமல் அது கற்றுக்கொடுக்கும். இடப்பக்க ஓரத்தில் ஆள், வலப்பக்கம் வெற்றிடம், ஆகவே வலப்பக்கம் போகிறோம். எதிரே முகம் சுளித்து ஒன்று வருகிறது, மோதினால் சாகிறோம், தொடங்கிச் சில நொடிகளே ஆனதால் இழப்பு ஒன்றுமில்லை. அடுத்த முறை குதிக்கிறோம். நல்ல கேம் எது என்று நான் இன்றுவரை அளக்கும் அளவுகோல் அது.

இரண்டாவதாக எ ஷார்ட் ஹைக். 2019ல் வந்தது, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். மலை ஏறும் ஒரு சின்னப் பறவை. கேமராவை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவதாக போர்ட்டல். கட்டைவிரல் பயிற்சி முடிந்த கைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. முதல் பல அறைகளில் உங்களைச் சுடுவதற்கு யாரும் இல்லை, நேரம் ஓடாது, நின்று யோசிக்கலாம். ஒவ்வொரு அறையும் ஒரே ஒரு புதிய விஷயத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்த அறைக்கு அனுப்பும். சுடும் இயந்திரங்கள் வருவதற்குள் கை தயாராகிவிடும். முடிக்க நான்கைந்து மணி நேரம். 2022லிருந்து ஸ்விட்சிலும் கிடைக்கிறது.

இதற்குப் பிறகு இருவர் சேர்ந்து விளையாடும் இட் டேக்ஸ் டூ. 2021ல் வந்தது, தனியாக விளையாடவே முடியாது.

டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் இப்போது வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்தவை, அதனால்தான் சொல்கிறேன்; அவை உங்கள் கை ஏற்கெனவே பழகியது என்று எடுத்துக்கொண்டு தொடங்குகின்றன. நூறு மணி நேரம் போகும் திறந்த உலக கேம்களும் பிறகு பார்க்கலாம். ஒரு கேமை முடித்த அனுபவம் முதலில் வேண்டும். ஆன்லைன் துப்பாக்கிச் சண்டையில் இறங்குவதென்றால் கம்ப்யூட்டர் ஓட்டும் எதிரிகளோடு ஒரு வாரம் ஆடிவிட்டு, வாய்ஸ் சாட்டை அணைத்துவிட்டுப் போங்கள்.

8. பணம் போகும் வழிகள்

முன்பதிவு செய்யாதீர்கள். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வெளிவந்த ஒரு வாரத்தில், கோளாறுகள் காரணமாக பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்தே அதை எடுத்தார்கள். 2021 ஜூனில்தான் திரும்ப வந்தது. 2023ல் 2.0 பதிப்பு வந்தபோது அது வேறு கேமாகவே ஆகியிருந்தது, விலையும் குறைந்திருந்தது. காத்திருந்தவர்கள் குறைந்த விலையில் சிறந்த கேமை விளையாடினார்கள். உங்களுக்கு முன்னால் நாற்பது வருடத்துக் கேம்கள் காத்திருக்கின்றன, இந்த மாதம் வந்ததற்கு அவசரம் இல்லை.

டிஜிட்டலாக வாங்குவது பெரும்பாலும் உரிமம் மட்டுமே என்பதும் தெரிந்திருக்கட்டும். 2014ல் வந்த தி க்ரூ என்ற கார் கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று மூடினார்கள். தனியாக ஓட்டிக்கொண்டிருந்தவர்களாலும் அதற்குப் பிறகு விளையாட முடியவில்லை. எப்போதும் இணைய இணைப்பு வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் இருமுறை யோசியுங்கள். கம்ப்யூட்டரில் ஜிஓஜி கடையில் வாங்குபவற்றை இறக்கி நாமே பத்திரப்படுத்திக்கொள்ளலாம்.

இலவச கேம்களில் கவனம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சில கேம்களில் சூதாட்டம் என்றே 2018ல் பெல்ஜியம் அறிவித்தது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் வாங்குவதற்கு பாஸ்வேர்டு கேட்கும்படி முதல் நாளே மாற்றிவிடுங்கள். பல கேம்களை ஒரே கட்டணத்தில் தரும் கேம் பாஸ் மாதிரி மாதச் சந்தா, நிறைய வகைகளைச் சுவைத்துப் பார்க்க ஒரு மாதத்துக்கு நல்லது. ஒரே கேமை மூன்று மாதம் விளையாடுகிறவர் அதை வாங்கிவிடுவதே மேல்.

9. மாட்டிக்கொண்டால்

அரை மணி நேரம் முயலுங்கள். பிறகு அந்த ஒரு இடத்துக்கு மட்டும் வீடியோ பாருங்கள். மணிக்கட்டு வலித்தாலோ கண் எரிந்தாலோ எழுந்துவிடுங்கள். மெஷினின் காற்றுத் துவாரங்களை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். விட்ட இடத்தைப் பதிந்துவைக்கும் சேவ் கோப்பு கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், ஏறுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு

கடைசிப் பகுதி, சொல்லிக்கொடுக்கிறவருக்கு. கன்ட்ரோலரை வாங்கிச் செய்துகாட்டாதீர்கள். "அந்த பட்டன் இல்லை, இது" என்று ஒவ்வொரு நொடியும் சொல்லாதீர்கள். வலது கட்டைவிரல் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். பதிலும் பட்டன் பெயராக இல்லாமல், "இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்" என்பது போல இருக்கட்டும்.

போர்ட்டலின் ஓர் அறையில் அக்கா பதினைந்து நிமிடம் நின்றாள். வெளியே போகும் வழி தலைக்கு மேலே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்தாள், சுவர்களைப் பார்த்தாள், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு வலது கட்டைவிரல் மெதுவாக மேலே போனது.